எடுத்து வைத்த பயணம்

எலவனாசூர்கோட்டையில் அபிநயாவுக்கு 'மாலத்தீவு டீச்சர்' என்று பேர். வைத்தவர்கள் பாராட்டாக வைக்கவில்லை. பி.எட். முடித்த கையோடு மாலத்தீவுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போனவள், இரண்டு வருஷம் கழித்து உடம்பு பாதியாகி ஒரே ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். போகும்போது அவள் சம்பளத்தை ரூபாயாக மாற்றிப் பார்த்து ஊரே வாயைப் பிளந்திருந்தது. அந்தத் தீவில் கத்தரிக்காய்கூடக் கப்பலில்தான் வரவேண்டும் என்பதையும், வாடகை என்ற ஒன்று சம்பளத்தில் பாதியை விழுங்கும் என்பதையும் யாரும் யோசிக்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை.

திரும்பி வந்தும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஹைதராபாத்தில் கொஞ்ச நாள், நேபாளத்தில் ஒரு பள்ளிக்கூடம், அப்புறம் சென்னை. ஆறு மாதம் ஒரே வீட்டில் இருந்தால் அவளுடைய செருப்பு தானாகவே வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும் என்று தம்பி சிவசங்கர் கேலி செய்வான்.

போன தை மாதம் வியட்நாமில் ஒரு துறைமுக ஊரிலிருந்து வேலை வந்தது. தனியார் மொழிப் பள்ளி. விசாவும் டிக்கெட்டும் அவர்கள் பொறுப்பு. மாசி முடிவதற்குள் சரி என்றோ வேண்டாம் என்றோ பதில் சொன்னால் போதும்.

அப்பா கந்தசாமி கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து, காலைக் கழுவிக்கொண்டே சொன்னார். "போறதுன்னா போ. ஆனா இந்த வாட்டியும் வெறுங்கையோட வந்து நின்னன்னா, அதுக்கப்புறம் நான் காட்ற எடத்துல கழுத்த நீட்டிடணும். இன்னா சொல்ற?"

"சரிப்பா."

"சும்மா சரி சரின்ற. அந்த ஊர்ல சோறு இன்னா வெல, தெரியுமா?"

தெரியாது. அங்கே வேலை செய்கிறவர்களைக் கேட்டால் ஒருத்தர் தாராளம் என்றார், இன்னொருத்தர் பத்தவே பத்தாது என்றார். யார் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதனால் அபிநயா ஒரு முடிவுக்கு வந்தாள். பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு மாதம் அந்தச் சம்பளத்தில் வாழ்ந்து பார்த்துவிடுவது.

அவர்கள் வீட்டு மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. வெளிப்பக்கமாகவே படி. அந்தப் படியில் கால் வைத்தால் வியட்நாம் என்று வைத்துக்கொண்டாள். அங்கத்து வாடகைக்கு ஈடான பணத்தைத் தன் சேமிப்பிலிருந்து எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள். அரிசியோ எண்ணெயோ சோப்போ, அங்கே அந்தக் காசுக்கு எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவுதான் இங்கேயும் வாங்கினாள். தனி அடுப்பு, தனிப் பாத்திரம். கீழேயிருந்து ஒரு கரண்டி குழம்புகூட மேலே வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"வூட்டு ஓனரா ஆயிட்டேன்டா!" என்று கந்தசாமி பணத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். "தண்ணி மோட்டாரு காலையில ஒரு மணி நேரந்தாங்க. ஆணி கீணி அடிக்கக் கூடாதுங்க."

"பாஸ்போர்ட்ட காட்டுக்கா, மேல வுடறேன்" என்று சிவசங்கர் படியை மறித்தான்.

அம்மா சின்னப்பொண்ணு மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு வேறொரு கவலை. பஞ்சாங்கத்தில் மாசி முழுக்கப் பயணத்துக்கு ஒரே ஒரு நாள்தான் நன்றாக இருந்தது. அந்த நாளோ மாத ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. அதற்கு ஒரு வழி உண்டு. நல்ல நாளில் ஆள் கிளம்ப முடியாவிட்டால், அவருடைய துணிமணி கொஞ்சத்தை ஒரு பையில் கட்டி, அந்த நேரத்தில் வாசலைத் தாண்டி வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பயணத்தை எடுத்து வைப்பது என்பார்கள். பை போய்விட்டால் ஆள் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அதன் பிறகு எந்த நாளில் போனாலும் குறையில்லை. ஒன்றே ஒன்று, அந்தப் பை வீட்டுக்குத் திரும்பக்கூடாது. வைத்த இடத்திலிருந்து அப்படியே பயணம் போக வேண்டும்.

அக்கம்பக்கத்து வீடுகளில் வைக்க சின்னப்பொண்ணுக்கு மனமில்லை. எல்லாம் பொறாமைக் கண். கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ரங்கம்மாள் அவளுக்கு ஒன்றுவிட்ட அக்கா. சிவசங்கர் மினி வேனில் மரவள்ளிக்கிழங்கு ஏற்ற வாரத்தில் நாலு தடவையாவது மலைக்குப் போகிறவன். அபிநயாவின் நீலப் பையில் கொஞ்சம் துணியும், பக்க அறையில் பாஸ்போர்ட்டும் சர்டிபிகேட்டுகளும் வைத்து, அவனிடமே கொடுத்தனுப்பினாள்.

"கெழக்கால பிளேன் ஏற வேண்டியவள மேக்கால அனுப்பறாளே" என்று கந்தசாமி சொல்ல, அபிநயாவும் சிரித்துவிட்டு மேலே போய்விட்டாள்.

முதல் வாரம் விளையாட்டாகவே போனது. காலையில் அறையைப் பூட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் டியூஷன் சென்டருக்குப் பாடம் எடுக்கப் போவாள். மதியம் வந்து சமைப்பாள். அறையில் அவள் தவிர ஒரு பல்லி. அரிசி வைத்திருந்தது பழைய தகர டின். அதன் மூடியைத் திறந்தால் பூனையை மிதித்தது போல ஒரு கீச்சொலி கிளம்பும். அந்தச் சத்தத்தோடுதான் அவளுடைய வியட்நாம் நாள் தொடங்கும்.

இரண்டாவது வாரம் அரிசி குறைந்தது.

சாப்பிட்டால் குறையத்தான் செய்யும். ஆனால் இது அவள் சாப்பிட்ட அளவுக்குக் குறையவில்லை. துவரம்பருப்பும் அப்படித்தான். எண்ணெய்ப் பாட்டிலில் மட்டம் இறங்கிக்கொண்டே போனது. எலி என்றால் எண்ணெய் குடிக்குமா? சோப்பு, அவள் ஒருத்தி குளித்ததற்கு, இரண்டு பேர் தேய்த்தது போல் மெலிந்திருந்தது. சிவசங்கரைக் கேட்டால், "உன் ரேசன் அரிசிய நான் ஏன்க்கா எடுக்கப்போறேன், கீழ அம்மா கறிக்கொழம்பு வெச்சிருக்குது" என்றான்.

ஒரு நாள் டின்னுக்குள் அரிசி மட்டத்தில் குங்குமத்தால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனாள். பூட்டு போட்டது போட்டபடிதான் இருந்தது. மதியம் வந்து மூடியைத் திறந்தாள். கோட்டுக்குக் கீழே நாலு விரற்கடை இறங்கிக் கிடந்தது அரிசி. காலையில் அவள் உலையே வைக்கவில்லை.

தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்போது, தான் எப்போது சாப்பிட்டோம் என்று ஒரு கணம் அவளுக்கு நினைவு வரவில்லை. தனக்குத் தெரியாமல் தானே எழுந்து சமைத்துத் தின்றுகொண்டிருக்கிறோமோ என்றுகூடத் தோன்றியது. மாலத்தீவில் கடைசி மாதங்களில் அப்படித்தான் இருந்தது. பசி, தூக்கம், கிழமை எல்லாம் கலந்துபோய்.

கீழேயும் ஏதோ மாறிக்கொண்டிருந்தது. அப்பா வாசலில் எதிர்ப்பட்டால், "வாங்க" என்று ஒதுங்கி வழிவிட்டார். முதலில் போட்ட அந்த 'ங்க' கேலி. இப்போது அதில் சிரிப்பு இல்லை. அவருக்கே அது பழகிவிட்டிருந்தது. அம்மா அவளைப் பார்க்கும்போது, பேரை நினைவுபடுத்திக்கொள்கிறவள் போல் நெற்றியைச் சுருக்கினாள். கடையில் பக்கத்துத் தெரு விஜயலட்சுமி இவளைக் கண்டதும் கையிலிருந்த பால் பாக்கெட்டைக் கீழே போட்டாள்.

"அடியே! நீ இன்னும் இங்கதான் கீறியா? நீ போயிட்டன்னு உங்கம்மா சொன்னாளே. அங்க குளிரு ஜாஸ்தின்னும் சொன்னாளே."

"எப்ப சொன்னாங்க?"

"நேத்துதான். நீ போன் பண்ணி சொன்னன்னு சொல்லிக்கினு இருந்தா." விஜயலட்சுமி குனிந்து பாக்கெட்டை எடுத்தாள். எடுக்கும்போது அபிநயாவின் கால்களைப் பார்த்துக்கொண்டாள், தரையில் படுகிறதா என்று பார்ப்பது போல.

மறுநாள் பிற்பகல் நாலு மணி. அபிநயா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கீழே கிணற்றடியில் அம்மா போனைக் காதில் வைத்துப் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"எப்பிடி கீறா எம்பொண்ணு?... சாப்ட்டாளா?... குளிரு வுட்டுதா இல்லியா? நல்லா போத்திவுடு. அவளுக்குச் சின்னதுலேர்ந்தே சளி புடிச்சிக்கும்... ஆமா. அவளுது அவளுக்குப் போயிடணும். நம்ம வூட்டுச் சோறு ஆவாது."

அபிநயாவின் கையில் ஈரத் துணி. தண்ணீர் முழங்கையில் வழிந்து சொட்டியது. அம்மா சிரித்தாள், மறுமுனையில் யாரோ எதையோ சொல்லியிருக்க வேண்டும். பிறகு தலையை நிமிர்த்தி மாடியைப் பார்த்தாள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்ற மகள் மேல் பார்வை பட்டது, நிற்கவில்லை, தென்னை மட்டைக்குப் போய்விட்டது.

மாசி முடிய ஒரு வாரம் இருக்கும்போது அரிசி டின் காலியானது. எண்ணெய் அதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. இனி வாங்க வேண்டுமென்றால் அடுத்த மாத வாடகையில் கை வைக்க வேண்டும். அபிநயா தரையில் உட்கார்ந்து யோசித்தாள். யோசிக்க என்ன இருக்கிறது? பத்தவில்லை. கடைக்குப் போகாமல், சினிமா பார்க்காமல், ஒரு காய்ச்சல்கூட வராமலேயே பத்தவில்லை. இன்னொரு மாலத்தீவுதான். வேண்டாம் என்று எழுதிவிட்டு, கள்ளக்குறிச்சியில் ஏதாவது பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட வேண்டியது. சேருவதற்குள் அப்பா மாப்பிள்ளை பார்த்துவிடுவார்.

வேலை கேட்டுப் போக சர்டிபிகேட் வேண்டும். எல்லாம் அந்தப் பையின் பக்க அறையில் இருந்தது. கீழே போய் அம்மாவிடம் கேட்டாள்.

"யம்மா, நான் போவல. சம்பளம் பத்தாது. பெரியம்மா வூட்டுலேர்ந்து பைய எடுத்தாரச் சொல்லு."

சின்னப்பொண்ணு முறத்தில் புடைத்துக்கொண்டிருந்த உளுந்தைக் கீழே வைத்தாள். முகம் வெளிறிவிட்டது. "எடுத்து வெச்சத வூட்டுக்குத் திருப்பிக் கொண்டாந்தா போனவளுக்கு ஆவாது."

"யாரும்மா போனது? நான் இங்க நிக்கிறேன்ல?"

அம்மா அவளையே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். வெயிலில் வந்த வழிப்போக்கரிடம் கேட்பது போல, "தண்ணி குடிக்கிறியாம்மா?" என்றாள்.

அபிநயா வாசலுக்கு வந்தாள். சிவசங்கர் மலைக்கு வண்டி எடுக்கும்போது ஏறி முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியது. காலி வேன் தடதடத்தது. பாதி மலையிலேயே மேகம் ரோட்டில் இறங்கியிருந்தது. பகல் பன்னிரண்டுக்கு சிவசங்கர் விளக்கைப் போட்டான்.

"அம்மாவுக்கு இன்னாடா ஆச்சு?"

"இன்னா ஆவுது? நல்லாத்தான் கீது." அவன் வளைவில் ஹாரனை அடித்தான். "நான் மலைக்குப் போறப்பல்லாம் ஒரு துணி மூட்டை குடுக்கும். பெரியம்மாகிட்ட குடுத்துட்டுப் போவேன். அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

"மூட்டையில இன்னா?"

"அரிசி, பருப்பு. ஒரு சின்ன பாட்டில்ல எண்ணெ. பெரியம்மா கடைக்குத்தான்னு நெனச்சேன்."

 கண்ணாடிக்கு வெளியே பலா மரங்கள் மேகத்திலிருந்து ஒவ்வொன்றாக வந்து ஒவ்வொன்றாகப் போயின.

வெள்ளிமலையில் அவளை இறக்கிவிட்டு அவன் கிழங்கு ஏற்றப் போய்விட்டான். ரங்கம்மாளின் கடை ஒரே நீளக் கூடம்; முன்னால் அடுப்பும் இரண்டு பெஞ்சும், பின்னால் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் குடியிருக்கும் அறை. ரங்கம்மாள் அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பினாள். திருப்பியவள் கரண்டியோடு எழுந்து வந்து வாசற்படியில் குறுக்கே நின்றுகொண்டாள்.

"பெரியம்மா, நான்தான் அபி."

"தெரியுது. அங்கயே நில்லு."

"இன்னா பெரியம்மா?"

"ரெண்டு பேரும் ஒரு கூரைக்குக் கீழ இருக்கக் கூடாது. நீ உள்ள வந்தா அவ வெளிய போவணும்."

அந்த ஈரக் குளிரிலும் அபிநயாவுக்குக் கழுத்து வேர்த்தது. பெரியம்மாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். தடுப்புக் கதவு திறந்திருந்தது. உள்ளே கயிற்றுக் கட்டிலில் அவளுடைய நீலப் பை சுவரோரம் நிமிர்த்தி உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தது. கழுத்துவரை கம்பளி போர்த்தியிருந்தது. பக்கத்தில் ஒரு முக்காலி. அதன் மேல் ஒரு தட்டில் சோறு, பருப்பு, ஆவி பறந்துகொண்டிருந்தது. தண்ணீர்ச் சொம்பு. தேய்ந்த ஒரு துண்டு சோப்பு, அவள் மாடியில் வைத்திருந்த அதே பச்சை. பையின் மேல் பக்கம், கைப்பிடி இருக்கும் இடத்தில், ஈரமாக எண்ணெய் மின்னியது. யாரோ தலைக்குத் தடவியது போல.

"சோறு எதுக்கு பெரியம்மா?"

"பைய வைக்கறது எல்லா ஊர்லயும்தான் வைக்கறாங்க. வெச்சிட்டு மறந்துடறாங்க." ரங்கம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "எம்மவன் துபாய்க்குப் போனப்ப நானும் அப்பிடித்தான் மறந்தேன். அவன் வரவேயில்ல. போனவங்க வயிறு காயக் கூடாது. அவங்க பானையிலேர்ந்தே எடுத்துப் போடணும், அடுத்தவங்க சோறு ஆவாது. நான்தான் உங்கம்மாவுக்குச் சொன்னேன். நீ டியூசன் போனப்புறம் மேல போயி அளந்து எடுத்து அனுப்புவா. சாவி ஒண்ணு அவகிட்ட கீது."

டின்னுக்குள் இழுத்த குங்குமக் கோடு அபிநயாவின் கண் முன்னால் வந்தது. ஒரு மாதமாக அந்தச் சம்பளத்தில் இரண்டு பேர் சாப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் குளித்திருக்கிறார்கள். மாடியில் ஒருத்தி, மலையில் ஒருத்தி. அவள் நின்ற இடத்திலேயே மனசுக்குள் பிரித்துப் பார்த்தாள். ஒருத்தி பங்கை எடுத்துவிட்டால் மாதக் கடைசியில் டின்னில் அரிசி இருக்கும். வாடகை கொடுத்து, வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பலாம். காய்ச்சல் வந்தால்கூடத் தாங்கும்.

பத்தும். நன்றாகவே பத்தும்.

அந்தச் சந்தோஷம் முழுசாக வரவில்லை. கட்டிலில் கம்பளி மெல்லச் சரிந்தது. பை சற்றே ஒருபக்கமாகச் சாய்ந்தது, பேச்சைக் கேட்கத் தலையைச் சாய்ப்பது போல. காற்றாகத்தான் இருக்க வேண்டும். மேகம் கடைக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது.

"நான் எடுத்துக்கறேன் பெரியம்மா."

"எடுத்தா வூட்டுக்குப் போவக் கூடாது."

"போவல. இப்பிடியே சென்னைக்கு. அங்க ஃபிரண்டு ரூம் இருக்குது. டிக்கெட் வர வரைக்கும் அங்க இருந்துக்கறேன்."

ரங்கம்மாள் அவள் முகத்தை ஆராய்ந்தாள். பிறகு உள்ளே போனாள். கம்பளியை எடுத்து மடித்தாள். பையிடம் குனிந்து ஏதோ சொன்னாள், அபிநயாவுக்குக் கேட்கவில்லை. குழந்தையை ஏந்திவருவது போல இரண்டு கையாலும் கொண்டுவந்து வாசலுக்கு வெளியே வைத்தாள். அபிநயா கைப்பிடியைப் பிடித்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. கம்பளிக்குள் இருந்த சூடுதான் என்று சொல்லிக்கொண்டாள். பக்க அறையைத் திறந்து பார்த்தாள். பாஸ்போர்ட்டும் சர்டிபிகேட்டுகளும் பத்திரமாக இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்து, வியட்நாமுக்குச் சரி என்று அனுப்பினாள்.

கள்ளக்குறிச்சி பஸ் வரும்வரை அங்கேயே இருந்தாள். அது வரும் நேரம் பார்த்து ரங்கம்மாளின் போன் அடித்தது. நாலு மணி.

ரங்கம்மாள் எடுக்கவில்லை. மாவுக் கையால் போனை நகர்த்தி அபிநயாவின் பக்கம் தள்ளினாள்.

"அக்கா, எப்பிடி கீறா எம்பொண்ணு?" என்றது அம்மாவின் குரல்.

"நான்தான்மா பேசறேன். நல்லா இருக்கேன்."

மறுமுனையில் திடுக்கிடல் இல்லை. அம்மா மூச்சை விட்டாள், ஒரு மாதமாகப் பிடித்து வைத்திருந்தது போல. "வாய தொறந்து பேச இத்தினி நாள் ஆச்சா உனக்கு? சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா. இப்ப கெளம்பறேன். வேலைக்கு வரேன்னு சொல்லிட்டேன்."

"சம்பளம் பத்துமா பாப்பா?"

"ஒருத்திக்குப் பத்தும்மா."

 அபிநயா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கிணற்றடியில் தண்ணீர் சொட்டும் சத்தம், ஒரு காக்கை. அதற்குப் பின்னால், சற்று மேலேயிருந்து, தகர டின்னின் மூடி கீச்சென்று திறக்கும் ஒலி. மாடியறைச் சாவி அபிநயாவின் பர்ஸில் இருந்தது. இன்னொன்றை வைத்திருக்கும் அம்மா கிணற்றடியில் நின்று பேசிக்கொண்டிருக்கிறாள்.

"அப்ப மாடியில இருக்கறவளுக்கு?" என்றாள் சின்னப்பொண்ணு, மெதுவாக.

பஸ் மேகத்திலிருந்து விளக்கோடு வெளியே வந்தது. அபிநயா எழுந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அவளுக்கு நீ சோறு போடும்மா" என்றாள். "கறிக்கொழம்பும் குடு. அவதான் உங்கூடவே இருக்கப்போறா."

"சரி" என்றாள் அம்மா. போனை வைக்காமலே தலையை நிமிர்த்தி மேலே பார்த்துக் கூப்பிடுவது கேட்டது. "அபி... கீழ எறங்கி வாம்மா. சாப்பிடலாம்."

படியில் காலடி இறங்கும் சத்தம் கேட்கிறதா என்று அபிநயா காத்திருக்கவில்லை. போனைப் பெஞ்சில் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் அவளையும் பக்கத்து சீட்டில் அவள் நிமிர்த்தி வைத்த நீலப் பையையும் பார்த்தார்.

"ஒண்ணா, ரெண்டா?" என்றார்.

"ஒண்ணு" என்றாள் அபிநயா. "ஒண்ணே ஒண்ணு."